இரண்டாவது ஸ்லாட்

டிசம்பர் 2, 2025

தீபாவளியன்று நண்பன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனவன், தொடையில் கம்பி வைத்துக் கட்டிலோடு கிடக்கிறான். இன்றோடு 43 நாள். பசிக்கிறது என்றுகூட வாய் திறப்பதில்லை. ராத்திரி தானாகவே கேட்டான்: "அப்பா, கம்ப்யூட்டருக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கித் தரியா?" அவன் பேசியதே எனக்குப் போதும். கையில் 18,000 இருக்கிறது.

டிசம்பர் 4

கேபினெட்டைத் திறந்தேன். மோட்டார் ரீவைண்டிங் செய்கிறவன் நான். எதுவானாலும் முதலில் நேம் பிளேட்டைத்தான் படிப்பேன். கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் மேல் பெரிய எழுத்தில் 450 வாட். கீழே பொடி எழுத்தில், 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர். பெருக்கினால் 192 வாட்தான். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டை நம்பித்தான் ஓடுகின்றன. பிள்ளை கேட்கிற ஆர்எக்ஸ் 6600 மட்டுமே 132 வாட் இழுக்கும். இருக்கிற ரைசன் 3 2200ஜி 65. கூட்டினால் 197, ஃபேன் கணக்கில் இல்லை. அந்த 450ஐ அச்சடித்தவன் மேல் அவ்வளவு கோபம் வந்தது. கார்டு வாங்கினால் எஸ்எம்பிஎஸ்ஸும் மாற்ற வேண்டும். பணம் பத்தாது.

டிசம்பர் 5

சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

டிசம்பர் 9

வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டை, அங்கிருந்து நடந்து ரிச்சி தெரு. ஒரு கடையில் ஜிடிஎக்ஸ் 1650 போடச் சொன்னார்கள்: 75 வாட்தான், போர்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அடுத்த கடையில் ரைசன் 5 5600ஜி. சாக்கெட் அதே ஏஎம்4, ஆனால் பழைய பிராசஸர் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் திரையே வராது. ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. மெமரியெல்லாம் ஏஐ டேட்டா சென்டர்களுக்குப் போகிறது. மைக்ரான் தன் க்ரூஷியல் ரேமைச் சில்லறையில் விற்பதையே நிறுத்தப்போவதாகப் போன வாரம் அறிவித்துவிட்டது.

ஓடுகிற மோட்டாரில் எங்கே சூடாகிறது என்று பார்க்காமல் நான் ஒரு காயிலையும் அவிழ்த்ததில்லை. பிள்ளையின் மெஷின் எங்கே திணறுகிறது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. வெறுங்கையோடு திரும்பினேன்.

டிசம்பர் 11

அவனுக்கு போன் செய்தேன். வண்டி ஓட்டியவனுக்கு. ஆஸ்பத்திரி நாளிலிருந்து அவன் அழைப்புகளை நான் எடுத்ததே இல்லை. "அங்கிள்" என்றான், அப்புறம் சத்தமில்லை. கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும் கேட்டேன்.

"அதுல ஒரே ஒரு 8 ஜிபி ரேம்தான் அங்கிள். கிராபிக்ஸ் பிராசஸருக்குள்ளயே இருக்கு, அதுக்குத் தனி மெமரி கிடையாது. இந்த ரேம்லேர்ந்துதான் எடுத்துக்கும். ரெண்டாவது ஸ்லாட் காலியாத்தான் கிடக்கு. அங்க இன்னொண்ணு போட்டா, போக வர ரெண்டு வழி ஆயிடும். வாலரன்ட் ஆட அது போதும்."

பழையதாக வாங்கி இவர்கள் இருவரும் சேர்ந்து மாட்டிய மெஷின். அப்போது நான் கடையில் இருந்தேன்.

டிசம்பர் 14

வந்தான். தன் மெஷினிலிருந்து கழற்றிய ரேமை ஒரு டப்பாவில் வைத்துக் கொண்டுவந்திருந்தான். புதிது வாங்கவேண்டாமாம், விலை இறங்கட்டுமாம். எங்களுடையது 2400, அவனுடையது 2666. ஒத்துப்போகுமா என்று கேட்டேன். "ரெண்டும் 2400லதான் ஓடும் அங்கிள். வேகமா இருக்கறது இறங்கி வந்துடும்."

ஸ்லாட்டில் வைத்து அழுத்தும்போது சட்டைக் கை மேலே ஏறியது. முழங்கையில் தையல் தழும்பு. எண்ணினேன், எட்டு.

பணம் வாங்கவில்லை. என் மனைவி தோசை ஊற்றினாள், நாலு சாப்பிட்டான்.

டிசம்பர் 15

ராத்திரி ஒரு மணி. "லெஃப்ட்ல வரான்டா, லெஃப்ட்ல!" என்று உள்ளே கத்துகிறான். நான் எழுந்து சத்தம் போடவில்லை.

டிசம்பர் 22

500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும், 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றும். பணம் கொடுக்குமுன் பொடி எழுத்தைப் படித்தேன். 12 வோல்ட்டுக்கு 43 ஆம்பியர். எஸ்எஸ்டியால் ஆட்டம் வேகமாகாது, திறக்கக் காத்திருக்கிற நேரம் மிச்சம். கட்டிலில் கிடக்கிறவனுக்கு அதுவும் பெரிதுதான்.

ஜனவரி 8

எக்ஸ்ரே. எலும்பு இன்னும் முழுதாகக் கூடவில்லை. இன்னும் ஆறு வாரம் ஊன்றக் கூடாது. இந்த செமஸ்டர் போனது போனதுதான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. கார்டைப் பற்றியும் கேட்கவில்லை.

சாயங்காலம் அந்தப் பையன் வந்தான். உன் மெஷினில் இப்போது எத்தனை ரேம் என்று கேட்டேன்.

"ஒண்ணுதான் அங்கிள்."

ரிச்சி தெருவுக்கு போன் போட்டு விலை கேட்டேன். இன்னும் இறங்கவில்லை.