முடிவு தெரியாத வாரங்கள்

கொலைகாரன் யாரென்று தெரியாமல் ஒரு தெருவே அடுத்த வாரம் வரை காத்திருந்த காலம் ஒன்று இருந்தது. குமுதத்தில் சுஜாதாவின் தொடர்கதை ஓடிக்கொண்டிருக்கும். கணேஷும் வசந்தும் ஏதோ ஒரு பங்களாவின் கதவைத் தட்டுவார்கள். கதவு திறக்கும். உள்ளே இருப்பதைப் பார்த்ததும் வசந்த் “பாஸ்!” என்பான். அங்கே ‘தொடரும்’ என்று போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு ஒரு வாரம் கதையை நடத்தியவர்கள் நாங்கள்தான்.

இப்போதும் நான் மர்ம நாவல்கள் படிக்கிறேன். படித்த நண்பர்களிடம் கேட்டால் பட்டென்று பதில் வருகிறது. “ட்விஸ்ட் பிரமாதம்.” “நடுவுல கொஞ்சம் இழுவை.” “கடைசில சப்புனு முடிச்சுட்டாரு.” எல்லாம் நேர்மையான அபிப்பிராயங்கள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாமே கடைசிப் பக்கத்தை மூடி வைத்த பிறகு சொல்லப்படுபவை. கதை முடியாமல் இருக்கும்போதே, அடுத்தது என்னவென்று எவருக்கும் தெரியாதபோதே, பத்துப் பேர் பத்து விதமாகச் சொன்ன அபிப்பிராயங்களைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தப் பேச்சுக்காகத்தான் மனம் ஏங்குகிறது. மர்மக் கதையைப் பற்றிச் சொல்லத் தகுந்த அபிப்பிராயம் ஊகம்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். முடிவு தெரிந்த பிறகு தீர்ப்பு மட்டுமே மிஞ்சுகிறது.

எங்கள் ஊர் மாயவரம். பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கும் வீடுகள் தெருவுக்கு ஒன்றிரண்டு இருந்தால் அதிகம். மற்றவர்களுக்கு சர்க்குலேஷன் லைப்ரரி. மாதச் சந்தா கட்டினால், சைக்கிள் கேரியரில் காக்கிப் பையை வைத்துக்கொண்டு ஒருவர் வருவார். இன்றைக்கு ஒரு பத்திரிகையைக் கொடுத்துவிட்டு நேற்றுக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவார். அட்டையின் மூலையில் வீடுகளின் கதவு எண்கள் வரிசையாக எழுதியிருக்கும். படித்து முடித்த வீட்டின் எண்ணைப் பேனாவால் அடித்துவிடுவார். முதல் வீட்டுக்கு அச்சு மை வாசனையோடு போகிற குமுதம், கடைசி வீட்டுக்குப் போகும்போது அட்டை கிழிந்து, பின் கழன்று, காபி டம்ளர் வைத்த வட்டத்தோடு போகும். எங்கள் வீடு வரிசையில் நடுவில். எங்களுக்கு முன்னால் படித்தவர்களுக்கு எங்களைவிட அதிகம் தெரியும். எங்களுக்குப் பின்னால் இருப்பவர்களைவிட எங்களுக்கு அதிகம் தெரியும்.

இதனால் தெருவில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. முன்வீட்டுக்காரர்கள் வாயைத் திறக்கக் கூடாது. என் அத்தை குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு மெல்ல ஆரம்பிப்பாள்.

“ஏக்கா, அந்தக் கடுதாசிய எழுதுனது டிரைவர்தானே?”

“நீ இன்னும் படிக்கலையா? அப்ப எங்கிட்ட ஒண்ணும் கேக்காத. நாளைக்கு ஒன் வீட்டுக்கு வந்துரும், படிச்சுக்க.”

“டிரைவரா இல்லையான்னு மட்டும் சொல்லுங்கக்கா.”

“டிரைவர் பாவம்டி.”

இந்த இரண்டு சொல் போதும் அத்தைக்கு. டிரைவர் பாவம் என்றால் அவன் எழுதவில்லை என்று பொருளா, எழுதிவிட்டுச் செத்துப்போனான் என்று பொருளா? மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும் சித்தப்பாவிடம் அது முன்வைக்கப்படும். மின்வாரிய அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவர். எதற்கும் ஆதாரம் கேட்பார். சோற்றைப் பிசைந்தபடியே போன வாரப் பக்கத்தை இன்னொரு முறை எடுத்துவரச் சொல்வார். ஜெயராஜ் வரைந்த படத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்ப்பார். சுஜாதாவின் பல கதைகளுக்கு ஜெயராஜ்தான் படம் போட்டார். கணேஷ், வசந்த் என்றதும் என் தலைமுறையின் மனதில் எழும் முகங்கள் அவர் தந்தவை. சித்தப்பாவுக்கோ அந்தப் படங்கள் சாட்சியங்கள். ஓவியருக்கு முழுக் கதையும் முன்கூட்டியே தெரிந்திருக்கும் என்பது அவர் கட்சி. பின்னணியில் திரைச்சீலைக்குப் பக்கத்தில் பாதி மறைந்து நிற்கிற ஒருவனைச் சுட்டிக்காட்டி, “காரணம் இல்லாம இவன அங்க நிறுத்துவாங்களா?” என்பார். அந்த வாரம் முழுக்க அவன் மீதுதான் சந்தேகம்.

கணேஷ் முதலில் தனியாகத்தான் வந்தான். 1968இல் குமுதத்தில் வந்த ‘நைலான் கயிறு’ தொடரில் அவன் ஓர் இளம் வக்கீல், அவ்வளவுதான். வசந்த் பிற்பாடு ‘ப்ரியா’வில் வந்து சேர்ந்தான். வந்தவன் எங்கள் தெருவை இரண்டாகப் பிரித்துவிட்டான். அத்தைக்கும் அவள் தோழிகளுக்கும் கணேஷ். கல்லூரி மாணவர்களுக்கு வசந்த். அவன் ஆரம்பித்து ஆரம்பித்து முடிக்காமல் விட்ட மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக் என்னவென்று தெரிந்துகொள்ள எத்தனை பேர் தவித்தார்கள்! அதைக் கேட்டு 15 காசு கார்டில் எழுதிப் போட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். சுஜாதா 2008இல் மறைந்தார். அந்த ஜோக் கடைசிவரை வெளிவரவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த ‘கொலையுதிர் கால’த்தைப் பற்றிச் சற்று நிறையச் சொல்ல வேண்டும். பெரிய சொத்துக்கு வாரிசான ஓர் இளம்பெண், ஊருக்கு வெளியே ஒரு வீடு, அங்கே இரவில் தென்படும் ஓர் உருவம், கொலைகள். கணேஷ் எல்லாவற்றுக்கும் விஞ்ஞான விளக்கம் தேடுவான். வசந்த் மெல்ல மெல்ல அமானுஷ்யத்தின் பக்கம் சாய்வான். கதையில் இருவருக்கும் இடையே நடந்த வழக்கு எங்கள் வீட்டுக் கூடத்திலும் நடந்தது. சித்தப்பா கணேஷ் பக்கம். அத்தை இந்த ஒரு கதைக்கு மட்டும் கணேஷை விட்டுவிட்டு வசந்தோடு சேர்ந்துகொண்டாள். “கண்ணால பாத்தத இல்லேன்னு சொல்றதுக்கு ஒங்க கணேஷ் யாரு?” என்று அவள் கேட்ட கேள்விக்குச் சித்தப்பாவால் அந்த வாரம் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த வாரம் கணேஷ் ஒரு தடயத்தைக் கண்டுபிடித்தான். சித்தப்பா அன்றைக்கு அலுவலகத்திலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார்.

அந்தத் தொடரில் வரும் ஒரு விஞ்ஞானச் சொல்லை மாயவரத்தில் பலரும் முதன்முறையாகக் கேள்விப்பட்டது அப்போதுதான். அந்தச் சொல்லை இங்கே எழுதினால் பாதிக் கதை போய்விடும், எழுத மாட்டேன். இன்னும் படிக்காதவர்கள் இருப்பார்கள். அது பேயா விஞ்ஞானமா என்ற விவாதம் கதை முடிந்த பிறகும் ஓயவில்லை என்பதை மட்டும் சொல்லலாம். முடிந்த பிறகும் ஊகிக்க இடம் வைத்துவிட்டுப் போன மர்ம நாவல் தமிழில் அபூர்வம். அந்த ஒரு காரணத்துக்காகவே சுஜாதாவின் துப்பறியும் கதைகளில் அதை முதலிடத்தில் வைப்பேன்.

வாசகர் அபிப்பிராயத்துக்கு இன்னொரு முகமும் இருந்தது. 1857 கலகத்தைப் பின்னணியாக வைத்து அவர் குமுதத்தில் தொடங்கிய ‘கறுப்பு சிவப்பு வெளுப்பு’ எதிர்ப்பினால் சில வாரங்களிலேயே நிறுத்தப்பட்டது. பிறகு ‘ரத்தம் ஒரே நிறம்’ என்று வேறு வடிவில் வந்தது. அது துப்பறியும் கதை இல்லை. ஆனால் தொடர்கதை என்பது வாசகருக்கு எவ்வளவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என்பதற்கு, கசப்பான சாட்சி அது. மறுபடி அப்படி நடக்க வேண்டும் என்று எவரும் ஏங்க முடியாது.

பிறகு பாக்கெட் நாவல்கள் வந்து காத்திருப்பைக் குறைத்தன. பேருந்து நிலையப் பெட்டிக்கடையில், கயிற்றில் கிளிப் போட்டு வரிசையாகத் தொங்கும். ராஜேஷ்குமாரின் விவேக், ரூபலா. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா. சுபாவின் நரேந்திரன், வைஜயந்தி. மாயவரத்தில் ஏறும்போது வாங்கினால் தஞ்சாவூரில் இறங்குவதற்குள் முடித்துவிடலாம். ராஜேஷ்குமார் இரண்டு கதைகளைத் தனித்தனி டிராக்காக ஓட்டிக் கடைசியில் ஒன்றாக முடிச்சுப் போடுவார். 1,500 நாவல்களுக்கு மேல் எழுதிய அவருடைய அந்த உத்தியைக் கண்டுகொண்ட வாசகர்கள், இரண்டும் எங்கே சேரும் என்று பாதியில் நிறுத்திவிட்டு யோசிப்பார்கள். பக்கத்து சீட்டுக்காரரும் அதே புத்தகத்தைப் படித்தவராக இருந்தால் பயணம் இனிமை.

தனியாகப் படிக்கத் தொடங்கியதும் அபிப்பிராயம் தெருவை விட்டுப் பென்சிலுக்குப் போனது. வாடகை நூல் நிலையத்துப் பழைய நாவலைப் பிரித்தால் ஓரங்களில் ஒரு கூட்டமே கூடியிருக்கும். பக்கம் 23இல் ஒரு பெயரைச் சுற்றி வட்டம்: ‘இவன்தான்’. அதற்குக் கீழே வேறு கையெழுத்தில் ‘இல்லை’. அதற்கும் கீழே, ‘பொறுமையாகப் படிக்கவும்’. கடைசிப் பக்கத்தில் ‘நல்ல கதை’, ‘போலீஸ் இவ்வளவு முட்டாளா?’, ‘அந்தக் குழந்தையைக் கொன்றிருக்க வேண்டாம்’. இந்தக் கடைசி வரியை எழுதியவர் அழுத்தி எழுதியதில் பென்சில் முனை காகிதத்தைக் கிழித்திருந்தது. கதையில் வந்த குழந்தைக்காக ஊரில் யாரோ ஒருவர் அவ்வளவு கோபப்பட்டிருக்கிறார். எத்தனை மதிப்புரைகள் படித்திருக்கிறேன், அந்த நான்கு சொற்களுக்கு இணையாக ஒன்றும் நினைவில் நிற்கவில்லை.

சில கொடியவர்களும் உண்டு. முதல் பக்கத்திலேயே கொலைகாரனின் பெயரை மையில் எழுதிவைத்துவிடுவார்கள். நூல் நிலையத்துக்காரர் அந்தப் பெயர் மீது வெள்ளைத்தாள் ஒட்டித் தருவார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தெரியும் என்று எல்லோருக்கும் தெரியும். தூக்கிப் பிடிக்காமல் படிப்பது மரியாதை.

அத்தை தொடர்கதைகளை பைண்டு செய்து வைப்பவள். சந்தா வீடுகளைச் சுற்றி முடித்த பத்திரிகைகளை லைப்ரரிக்காரர் பாதி விலைக்குத் தருவார். பின்னைக் கழற்றி, கதைப் பக்கங்களை மட்டும் உருவி, வாரவாரமாக அடுக்கி, கோணி ஊசியால் மூன்று இடத்தில் துளை போட்டு, சணலால் தைத்து, மைதாப் பசை தடவிக் காலிகோ துணி ஒட்டுவாள். நகைச்சுவைத் துணுக்கின் பாதி, ஏதோ ஒரு தலைவலி மாத்திரை விளம்பரத்தின் பாதி, அடுத்த கதையின் தொடக்கம் எல்லாம் சேர்ந்து வரும். ‘தொடரும்’ என்ற சொல் வரும் பக்கத்தைத் திருப்பினால் அடுத்த வாரம் உடனே வந்துவிடும். நாங்கள் ஒரு வாரம் சண்டை போட்ட இடத்தைப் புதிதாகப் படிப்பவர் ஒரு நொடியில் தாண்டிவிடுவார்.

ஒரு தொகுப்பில் ஓர் அத்தியாயம் கிடைக்கவில்லை. எங்கெங்கோ கேட்டுப் பார்த்தாள். கடைசியில் கோடு போட்ட நோட்டுத் தாள் இரண்டைக் கிழித்து, ஞாபகத்திலிருந்து அந்த அத்தியாயத்தைத் தானே எழுதி இடையில் வைத்துத் தைத்துவிட்டாள். அவள் எழுதியதில் கதை பாதி, அபிப்பிராயம் பாதி. வசந்த் இந்த இடத்தில் தேவையில்லாமல் பேசி நேரத்தை வீணாக்குகிறான், சமையல்காரி சொல்வது பொய் என்று எனக்கு அப்போதே தெரியும், கணேஷ் பின்பக்கத் தோட்டத்தை ஏன் பார்க்கவில்லை என்று புரியவில்லை. இப்படிப் போகும். எட்டாவதுக்கு மேல் அவளைப் படிக்கவைக்கவில்லை. அந்த இரண்டு தாள்களை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். பின்னால் அசல் அத்தியாயம் புத்தகமாக வந்ததில் படித்தேன். அதில் வசந்தின் பேச்சு எனக்கு நீளமாகத்தான் பட்டது.

அத்தை போய், வீட்டை இடித்துக் கட்டும்போது அந்தத் தொகுப்புகள் எடைக்குப் போய்விட்டன. நான் அப்போது வெளியூரில் இருந்தேன். நாவல்கள் எல்லாம் நல்ல தாளில், பிழைதிருத்தி, அழகான அட்டையோடு கடைகளில் கிடைக்கின்றன. கிடைக்காமல் போனது அத்தையின் இரண்டு தாளும், ஓரங்களில் எழுதிய அந்தக் கூட்டமும்தான். பத்திரிகைகளில் அச்சான வாசகர் கடிதங்களையாவது நூலகங்களில் தேடி எடுக்கலாம். குழாயடியிலும் சோற்றுத் தட்டுக்கு முன்னாலும் சொல்லப்பட்டதை எங்கே போய்த் தேடுவது?

உங்கள் வீட்டுப் பரணிலோ இரும்பு டிரங்க் பெட்டியிலோ, பைண்டு செய்த பழைய தொடர்கதைகளும் மாத நாவல்களும் இன்னும் இருக்கலாம். எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை ஓரங்களைப் பாருங்கள். உங்கள் பாட்டியோ பெரியப்பாவோ யாரைச் சந்தேகப்பட்டார்கள் என்று அதில் இருக்கும். வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் நூலகங்களைக் கேட்டுப் பாருங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா ஆயுள் முழுக்கச் சேர்த்த நூல்களையும் இதழ்களையும் கொண்டு 1994இல் உருவான ஆராய்ச்சி நூலகம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. உங்கள் மாவட்ட நூலகத்திலும் விசாரிக்கலாம். கொடுக்கும்போது சுத்தம் செய்கிறேன் என்று பென்சில் எழுத்தை மட்டும் ரப்பரால் அழித்துவிடாதீர்கள்.