உறவில்லாத இரண்டு பேர்

இங்கிலாந்தில் ஒரு தெருவாரோ சிறு சங்கமோ ஏதாவது நல்ல காரியம் தொடங்க நினைத்தால், பலர் முதலில் போய் நிற்பது தேசிய லொத்தர் சமுதாய நிதியத்திடம். 1994 நவம்பரில் தொடங்கிய அந்த லொத்தரின் வருமானத்தில் ஒரு பங்கு பொதுக் காரியங்களுக்குப் போகிறது. நிதியத்தின் 'அவார்ட்ஸ் ஃபோர் ஆல்' என்ற திட்டம் 300 பவுணிலிருந்து 20,000 பவுண் வரை கொடுக்கிறது. பெரிய நிறுவனமாக இருக்கவேண்டியதில்லை. எழுதி வைத்த யாப்பு வேண்டும், சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும். நிர்வாகத்தில் இரத்த உறவோ கலியாண உறவோ இல்லாத, ஒரே வீட்டில் வசிக்காத இரண்டு பேராவது இருக்கவேண்டும்.

அந்தக் கடைசி நிபந்தனையை வாசித்ததும் எனக்கு மட்டக்களப்பிலுள்ள எங்கள் ஊர் மண்டூர்தான் நினைவுக்கு வந்தது. அந்த இரண்டு பேரை எங்கள் ஊரில் எங்கே தேடுவது? மட்டக்களப்பில் குடி என்கிற குலம் தாய் வழியாக வருகிறது. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. மச்சானுக்கும் மச்சாளுக்கும் முடிப்பதுதான் வழக்கம். வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும், மருமகன் அங்கே வந்து இருப்பான். இப்படித் தலைமுறை தலைமுறையாகப் பின்னிய ஊரில் தலைவர் மாமா என்றால், செயலாளர் மச்சாள், பொருளாளர் சின்னம்மாவின் மகன்.

நிபந்தனை தேவையற்றது என்று நான் சொல்லமாட்டேன். மாமாவிடம் கணக்குக் கேட்க வெட்கப்பட்டே எத்தனையோ சங்கங்கள் படுத்துவிட்டன. ஆனால் எங்களூருக்கு அதற்கென்று ஒரு மருந்து எப்போதும் இருந்திருக்கிறது. கோயில் முன்றலில் ஊர் கூடியிருக்க, கோயில் நிர்வாகிகளான வண்ணக்கர்மாரை வைத்துக்கொண்டு எல்லோர் காதிலும் விழக் கணக்கை வாசிப்பது. உறவில்லாத இருவரின் கையெழுத்துக்கு அது குறைந்த காவல் அல்ல.

நான் இப்போது இருக்கும் லண்டன் தெருவில் உறவு என்ற பேச்சுக்கே இடமில்லை. சில்ஹெட்டிலிருந்து வந்த ஒரு மூதாட்டி, போலந்துக்காரத் தச்சர், கானா நாட்டுத் தாதி, நாங்கள். வீடுகளுக்குப் பின்னால் குப்பை கொட்டும் ஒரு முடுக்கு இருந்தது. மாநகர சபையின் சிறு மானியத்தில் மண்ணும் பலகையும் வாங்கி அங்கே பாத்தி கட்டினோம். தச்சர் சட்டம் அடித்தார். மூதாட்டி சுரை விதை கொண்டுவந்தார். அதுவரை ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. இந்த நாட்டில் சிறு மானியம் செய்யும் பெரிய வேலை இதுதான் என்று நான் கண்டுகொண்டேன்: அறியாதவர்களை ஒரு மேசையில் உட்காரவைக்கிறது.

மண்டூரில் அந்த வேலை முன்பே முடிந்த வேலை. அங்கே இல்லாதது கையில் கொஞ்சக் காசு.

அமெரிக்காவின் சியாட்டில் நகரசபை 1988இல் தொடங்கிய அயலவர் இணை நிதியைப் பற்றி வாசித்தபோது எனக்கு ஒரே உற்சாகம். நகரசபை கொடுக்கும் காசுக்கு ஈடாக அயலவர்கள் தங்கள் பங்கைப் போடவேண்டும். அது பணமாக இருக்கவேண்டும் என்றில்லை. மரம் நட்ட மணித்தியாலங்களுக்கும் சுவருக்கு நிறம் பூசிய மணித்தியாலங்களுக்கும் விலை போட்டுப் பங்காக எழுதுகிறார்கள். உழைப்பைப் பங்காகப் போடுவது எங்களுக்கும் புதிதல்ல. இலங்கையில் 1958இல் ஆசிரியர் ஆரியரத்ன தன் மாணவர்களோடு கனத்தொலுவ கிராமத்துக்குப் போய்ச் சர்வோதய இயக்கத்தைத் தொடங்கியதிலிருந்து சிரமதானம் என்ற சொல் எல்லோர் வாயிலும் இருக்கிறது. ஆவணித் திருவிழாவுக்கு முன் எங்களூர் இளைஞர்கள் வீதி செதுக்கிப் பந்தல் போடும் உழைப்பை யாராவது மணிக்கணக்கில் எழுதினால், சியாட்டில்காரர் வியந்துபோவார்கள். ஆனால் அந்த உழைப்பை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. அரச நிதி வரும்போது ஊர் வெறும் கையேந்தும் இடமாகவே பார்க்கப்படுகிறது.

1974இல் வந்த பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவு நிதி ஊருக்கு வரும்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் கதிரையாகவோ ஒலிபெருக்கியாகவோதான் வருகிறது. கதிரையின் முதுகில் அதைக் கொடுத்த பாராளுமன்ற உறுப்பினரின் பெயர் எழுதியிருக்கும். என்ன வேண்டும் என்று கேட்டு வருவது குறைவு. உலக வங்கி உதவியோடு 2004இல் வடக்குக் கிழக்கில் தொடங்கிய மீள் எழுச்சித் திட்டம் அந்த வகையில் வேறுபட்டது. கிராமமே கூடித் தன் தேவையை வரிசைப்படுத்தியது, சுழல் நிதியைத் தன் கையில் வைத்துக்கொண்டது. 2007இல் எங்கள் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை முழுக்க இடம்பெயர்ந்து, திரும்பிவந்து, 2011 ஜனவரி வெள்ளத்தில் மறுபடி நனைந்த சனங்களுக்கு அப்படியான காசுதான் உதவும். தாங்களே முடிவெடுத்த காசு.

இனி வெளிநாட்டில் இருக்கும் எங்களைப் பற்றி. தில்லை மண்டூர் முருகனுக்கு நாங்கள் குறை வைப்பதில்லை. நான் ஊரில் இருந்த காலத்தில் குருமண்வெளித் துறையில், பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித் தீர்த்தத்துக்கு வந்த சனத்தை நினைத்தால் இப்போதும் கண் கலங்கும். கோயிலுக்கு அனுப்பும் காசில் ஒரு சதமும் குறைக்கச் சொல்லமாட்டேன். ஆனால் சென்ற வருடம் மச்சாள் தொலைபேசியில் சொன்னதை மறக்க முடியவில்லை. "கோயிலுக்கு எல்லாரும் அனுப்புறீங்க, நல்லதுதான். எங்கட மாதர் சங்கத்துக் கட்டிடம் மழைக்கு ஒழுகுது. பன்பாய் இழைக்கிற புள்ளைகள் எங்க இருக்கிற? நாலு தகட்டுக்கு ஆரிட்டப் போய்க் கேக்கிற?"

300 பவுண் இன்றைய மாற்று விலையில் ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேல். இங்கே ஒரு குடும்பம் பிறந்தநாள் விருந்துக்குச் செலவழிக்கும் காசு அது.

மண்டூரைச் சேர்ந்த, எங்கள் பிரதேசமான போரதீவுப்பற்றின் எந்த ஊரையும் சேர்ந்த உங்களிடம் நான் கேட்பது இதுதான். திருவிழாவுக்குச் சேர்க்கும்போது ஒரு சிறு பங்கை வேறாக எடுத்து வையுங்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், மரணாதாரச் சங்கம், விளையாட்டுக் கழகம், யார் வேண்டுமானாலும் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கேட்கட்டும். எதற்குக் கொடுப்பது என்பதை ஊர் தீர்மானிக்கட்டும். லண்டனிலோ சூரிச்சிலோ இருந்து நாங்கள் தீர்மானிக்க வேண்டாம். அவர்கள் போடும் உழைப்பை அவர்கள் பங்காக எழுதுங்கள். உங்கள் பெயரை எங்கும் பொறிக்கச் சொல்லாதீர்கள். ஒரேயொரு நிபந்தனை வையுங்கள்: வருட முடிவில் கணக்கைக் கோயில் முன்றலில் உரக்க வாசிக்கவேண்டும். வரும் ஆவணிக்கு முன்பே இதைத் தொடங்கலாம்.