சக்கரத்துக்குப் பின்னால்

குமரி மாவட்டத்தில் வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம். மற்ற ஊர்களில் மட்ஃபிளாப் அலங்காரமாக இருக்கலாம். இங்கே அது வண்டியின் ஆயுள் சம்பந்தப்பட்டது. அம்பாசிடருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த வண்டி; உடம்பேதான் எலும்பு. கதவுக்குக் கீழே ஓடும் தகட்டை முன்சக்கரம் வீசும் சரளை கொத்திப் பெயிண்டை உரிக்கும். மிச்சத்தைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். 2014இல் உற்பத்தி நின்றுபோன கார். இடுப்பெலும்பு முறிந்தபின் பிறர் தூக்காமல் அம்மாவால் ஏறி உட்கார முடிகிற வண்டி எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். ஆகவே எனக்கு இதில் ரசனைப் பிரச்னை ஏதுமில்லை.

கடையில் விற்கிற பிளாஸ்டிக் வெயிலில் விறைத்து, ஏதாவது ஒரு வேகத்தடையில் ஒடிந்துவிடும். பழைய ட்யூப் கனம் போதாமல் காற்றில் பறக்கும். டயரை வெட்டினால் அதன் வளைவு போகாது. உள்ளே கம்பி வேறு. கடைசியில் அகப்பட்டது, கல்லுடைக்கும் கிரஷரில் ஓடித் தேய்ந்த பெல்ட். ஆறு மில்லிமீட்டர் கனம், ரப்பருக்குள் துணி அடுக்குகள். ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்த மாவட்டத்தில் ரப்பருக்காகப் பழைய இரும்புக் கடையில் நிற்பது வேடிக்கைதான். கத்தியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்து அறுக்கவேண்டும். உலர்ந்த கத்தியை ரப்பர் பாதியில் பிடித்துக்கொள்ளும்.

அதற்கு முன்னால் அட்டை. டி.வி. பெட்டி அட்டையில் வடிவம் வெட்டிக் கட்டிவிட்டு, ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுக்க ஒடித்து, டயர் தொடுகிறதா என்று பார்த்தேன். நாலு பேர் ஏறினால் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங் தாழும். அப்போதும் தரைக்கும் ரப்பருக்கும் நாலு விரல் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் ரிவர்ஸில் சக்கரம் அதைக் கவ்விப் பிய்த்துவிடும். நம் விமர்சகர்கள் உருவம் உருவம் என்று பேசும்போதெல்லாம் இந்த அட்டையைக் கொண்டுபோய்க் காட்டத் தோன்றுகிறது. போகட்டும்.

போல்ட்டை ரப்பரில் நேராக முடுக்கினால் துளை நாளடைவில் அகன்று கிழியும். மேலே ஒரு இரும்புப் பட்டை வைத்து, அகன்ற வாஷரும் போட்டால் பளு முழு அகலத்துக்கும் பரவும். துளையின் விளிம்பில் ரெட் ஆக்சைடு பூசாமல் போல்ட் போடுவது துருவுக்குப் புதிய வாசல் திறந்துவிடுவதுதான்.

முன்னிரண்டோடு நிறுத்துவதாகத்தான் இருந்தேன். பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக், "இது ஒங்களுக்கில்ல சார், பொறத்த வாறவனுக்காக்கும்" என்றார். முன்சக்கரத்துக்கு அது பொருந்தாது. அங்கே காப்பாற்றப்படுவது என் தகடு. பின்சக்கரத்துக்கு முழுக்கப் பொருந்தும். மழையில் என் பின்னால் சைக்கிளில் வருகிறவனை நான் கண்ணாடியில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. பெல்ட் மிச்சமிருந்தது. வெட்டினேன்.

வலது பின்பக்கத்தில் தகடு ஏற்கெனவே காகிதமாகியிருக்கிறது, போல்ட் பிடிக்கவில்லை. வெல்டிங்குக்கு வெள்ளிக்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அன்றைக்குத்தான் அம்மாவுக்குப் பிசியோதெரபி. ஆட்டோவுக்குச் சொல்லியாயிற்று. ஏற்றிவிட இரண்டு பேர் வேண்டும்.