"பத்திரமா போயிட்டு வா கண்ணு!"

"பத்திரமா போயிட்டு வா கண்ணு. இறங்குனதும் போன் பண்ணு."

கோவை பீளமேடு விமான நிலைய வாசலில் தினமும் கேட்கும் குரல் இது. வேலைக்குக் கிளம்பும் மகன் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுவான். அம்மா மட்டும் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

2018 ஜூலை 10. கோவையிலிருந்து ஹைதராபாத்துக்கு 162 பயணிகளோடு ஓர் இண்டிகோ விமானம் கிளம்பியது. பெங்களூரிலிருந்து கொச்சிக்கு 166 பேரோடு இன்னொன்று. பெங்களூரு வான்பகுதியில் இரண்டும் நெருங்கிவிட்டன. உயரத்தில் 200 அடிதான் வித்தியாசம். வழக்கமாக 1,000 அடியாவது இருக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் விமானமே 216 அடி!

இடையில் சுமார் 4 மைல் தூரம் இருந்ததாகச் செய்திகள் வந்தன. நேருக்கு நேர் வந்தால், விமானங்களின் வேகத்துக்கு அது அரை நிமிடம்கூடக் கிடையாது.

அப்போது இரண்டு காக்பிட்களிலும் அலாரம் அடித்தது. டிகாஸ் என்ற கருவியின் வேலை அது. எதிரே வரும் விமானத்தின் உயரத்தையும் தூரத்தையும் நொடிக்கு நொடி கணக்குப் போடும். முதலில் "டிராஃபிக், டிராஃபிக்" என்று எச்சரிக்கும். ஆபத்து முற்றினால் கட்டளையே போடும். இரண்டு கருவிகளும் தங்களுக்குள் பேசிக்கொண்டு, ஒருவரை "ஏறு" என்றும் மற்றவரை "இறங்கு" என்றும் சொல்லும். பைலட் ஐந்து நொடிக்குள் கீழ்ப்படிய வேண்டும். தரையிலிருந்து கன்ட்ரோலர் வேறு சொன்னாலும் கருவி சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

இந்த விதிகளுக்கு உலகம் கொடுத்த விலை பெரிது. 1996 நவம்பரில் ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வானில் இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் இறந்தார்கள். அதன்பிறகே இந்தியாவில் டிகாஸ் கட்டாயமானது. 2002 ஜூலையில் ஜெர்மனியின் உபர்லிங்கன் மேலே, ஒரு பைலட்டுக்குக் கருவி "ஏறு" என்றது, கன்ட்ரோலர் "இறங்கு" என்றார். அவர் இறங்கினார். கருவி சொன்னபடி எதிர் விமானமும் இறங்கிக்கொண்டிருந்தது. 71 பேர் போனார்கள். அதில் 52 பேர் குழந்தைகள்.

எத்தனை ஆயிரம் மணி நேரம் பறந்த பைலட்டாக இருந்தாலும், அந்த ஐந்து நொடியில் "எனக்குத் தெரியாதா?" என்று கேட்கக் கூடாது. சொன்னதைச் செய்துவிட்டு, ஏன் என்று பிறகு கேட்கலாம்.

அன்று 328 பயணிகளும் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தார்கள். விஷயம் வெளியில் தெரிந்ததே ஓரிரு நாள் கழித்துத்தான்.

"வந்துட்டேன்மா" என்று வரும் ஒரு போன் காலுக்குப் பின்னால் எத்தனை பேரின் கவனம் இருக்கிறது! அது அம்மாக்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. போன் வந்தால் போதும்.