கேழ்வரகுக்கு நடுவே ஒரு சால் அவரை

கொள்ளேகாலிலிருந்து ஹனூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பாதையில் இருக்கிறது கௌதள்ளி. 1956 வரை கோவை மாவட்டத்தோடு இருந்த பகுதி. பிறகு மைசூர், 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். நிர்வாகம் மாறினாலும் வானம் பார்த்த பூமி அப்படியேதான் இருக்கிறது.

தென்கர்நாடக மானாவாரி வயல்களில் ஒரு பழைய வழக்கம் உண்டு. கேழ்வரகுக்கு நடுவே சால் விட்டு அவரை, துவரை, ஆமணக்கு விதைப்பது. கன்னடத்தில் 'அக்கடி சாலு'. மழை பொய்த்துக் கேழ்வரகு கருகினாலும், ஆழமாக வேர்விடும் துவரை தாக்குப்பிடிக்கும். அவரை மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும். வல்லுநர்கள் இன்று 'பருவநிலைக்கேற்ற விவசாயம்' என்று சொல்வதில் இதுவும் அடக்கம்.

2014இல் கர்நாடக அரசு 'கிருஷி பாக்ய' திட்டத்தில் பண்ணைக் குட்டைகளுக்கு மானியம் தந்தது. வெட்டிய குட்டைகளை எண்ணுவது சுலபம். குட்டையில் மறுவருஷமும் தண்ணீர் நின்றதா, ஆள் கிடைக்காமல் அக்கடி சாலைக் கைவிட்டார்களா என்பதை அறிய, அதே வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். விதையை எடுத்துவைக்கும் பெண்களிடமும் கேட்க வேண்டும்.

புதிய முறைக்கு எத்தனை பேர் மாறினார்கள் என்பது பாதிக் கணக்கு. மழையில்லாத வருஷத்திலும் களி கிண்ட மாவு இருந்ததா என்பதே மீதி.