மையிலும் கலப்படம்

கலப்படம் என்னும் கலை நமது நாட்டில் எவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறது என்பதை நேயர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பாலில் தண்ணீர் சேர்ப்பது அக்கலையின் அரிச்சுவடி. மிளகில் பப்பாளி விதையைச் சேர்ப்பது அடுத்த வகுப்புப் பாடம். மிளகாய்ப் பொடியில் செங்கற்பொடியைக் கலப்பவர்களோ பட்டம் பெற்ற பண்டிதர்கள். ஆயினும் இவற்றை நாக்கும் கண்ணும் ஒருவாறு கண்டுபிடித்துவிடும். நாக்கில் இட்டுப் பார்க்க முடியாத ஒரு பொருளிலும் இப்போது இந்தக் கலை புகுந்திருக்கிறது. பிரிண்டர் என்று வழங்கும் சிறிய அச்சு யந்திரத்தின் வயிற்றில் வைக்கப்படும் மைக்கூடுதான் அது. கடைக்காரர் பாஷையில் கார்ட்ரிட்ஜ்.

நம்முடன் வசித்துவரும் நம் தமக்கையார், தெருவிலுள்ளவர்களுக்கு விண்ணப்பங்கள், வாடகைப் பத்திரங்கள், கல்யாணச் சாமான் ஜாபிதா முதலியவற்றைக் கணினியில் அடித்து அச்சிட்டுக் கொடுக்கிறார். அதுவே அவருடைய ஜீவனோபாயம். பக்கத்துக்கு இவ்வளவு என்று கிடைக்கும் சில்லறையில் தம் செலவுகளைத் தாமே பார்த்துக்கொள்கிறார்; பிறர் கையை எதிர்பார்ப்பது அவருக்குச் சற்றும் பிடிக்காது. அப்படிப்பட்டவருக்கு ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்து வாங்கும் கறுப்பு மைக்கூடு சாமான்ய விஷயமல்ல. உழவனுக்கு விதைநெல் எப்படியோ, அவருக்கு அது அப்படி.

சென்ற மழைக்காலத்தில் அவர் வாங்கிவந்த மைக்கூடு, கண்ணைக் கவரும் புதிய பெட்டிக்குள் இருந்தது. 480 பக்கம் அச்சிடலாம் என்று பெட்டியின்மேல் கண்டிருந்தது. இரண்டாம் நாள் அடுத்த வீட்டுப் பையன் உபகாரச் சம்பளத்துக்கான விண்ணப்பத்தை அச்சிட்டு வாங்கிக்கொண்டு போனான். அரை மணி நேரத்தில் அழாத குறையாகத் திரும்பி வந்தான். வழியில் காகிதத்தின்மேல் நாலைந்து மழைத்துளிகள் விழுந்திருந்தன. அவனுடைய பெயரும் தகப்பனாரின் வருமானமும் கரைந்து ஓடி, காகிதம் முழுவதும் நீலமும் கறுப்புமாகப் பரவியிருந்தன. அன்று மாலை ஐந்து மணியோடு தவணை முடிகிறது! தமக்கையார் தம் கைக்காசைக் கொடுத்து வேறொரு கடையில் அச்சிடச் செய்து அவனை அனுப்பிவைத்தார். மறுநாள் அறுபத்து மூன்றாவது பக்கத்தில் எழுத்துக்கள் வெளிறின. எழுபதாவது பக்கத்தில் மறைந்தே போயின.

480 பக்கம் என்ற கணக்கு வாய்க்கு வந்தபடி எழுதப்படுவதன்று. ஐ.எஸ்.ஓ. 24711 என்னும் சர்வதேச முறைப்படி, ஐந்து மாதிரிப் பக்கங்களைத் திரும்பத் திரும்ப அச்சிட்டுப் பார்த்து அது நிர்ணயிக்கப்படுகிறது. வீட்டு உபயோகத்தில் இதில் கொஞ்சம் குறைவது சகஜம். 480 என்பது எழுபதாகக் குறைவது சகஜமன்று.

பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து அந்த மைக்கூட்டைப் பரிசோதித்தோம். மேலே ஒட்டியிருந்த சீட்டின் ஒரு மூலை எடுத்து மறுபடி ஒட்டப்பட்டிருந்தது. அதைத் தூக்கிப் பார்த்தால், ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துவாரம். அதை ஏதோ பசையால் அடைத்திருந்தார்கள். யந்திரத்தோடு தொடர்பு கொள்ளும் செப்புத் தகட்டில் மெல்லிய கீறல்கள் காணப்பட்டன. முன்பே வேறொரு யந்திரத்தில் குடியிருந்து வந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமோ? கணினியின் திரையும், "பயன்படுத்தப்பட்ட அல்லது போலியான கார்ட்ரிட்ஜ்" என்று தன் அபிப்பிராயத்தைத் தெரிவித்திருந்தது.

இந்தச் சிறு கூட்டுக்குள் நடக்கும் வித்தை அதிசயமானது. அதன் அடியில் தலைமயிரைவிட நுண்ணிய துவாரங்கள் வரிசையாக உள்ளன. ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு குட்டி அடுப்பு. மின்சாரம் பாய்ந்ததும் அடுப்பு கணநேரத்தில் சூடேறுகிறது. மை கொதித்து ஒரு குமிழி உண்டாகிறது. அந்தக் குமிழி ஒரு துளி மையைக் காகிதத்தின்மேல் தள்ளுகிறது. ஒரு விநாடியில் இது ஆயிரக்கணக்கான தடவை நடைபெறுகிறது. அடுப்பின் சூட்டைத் தணிப்பதும் அந்த மைதான். மை தீர்ந்த பிறகும் யந்திரத்தை ஓட்டினால், தண்ணீர் வற்றிய பாத்திரம் அடிப்பிடிப்பதுபோல் அடுப்பு கருகிவிடும். அப்படிக் கருகியதில் எத்தனை உயர்ந்த மையை ஊற்றினாலும் பயனில்லை. மேலும், எழுத்துக்கென்று பல யந்திரங்களில் உபயோகிக்கும் கறுப்பு மை, நீரில் கரையாத நிறத்துகள்களால் ஆனது. அதற்குப் பதிலாக மலிவான சாய மையை ஊற்றிவிட்டால், நாலு மழைத்துளியில் ஒரு பையனின் எதிர்காலமே கரைந்துவிடக் கூடும்.

தமக்கையார் கடைக்குப் புறப்பட்டபோது நாமும் துணைக்குச் சென்றோம்.

"பெட்டியைப் பிரித்தாகிவிட்டதே, அம்மா! பிரித்த சாமானைத் திருப்பி எடுப்பதில்லை" என்றார் கடைக்காரர்.

"தேங்காயை உடைக்காமல் அழுகல் என்று எப்படிச் சொல்வது, தம்பி? எங்கள் மளிகைக்காரர் அழுகல் தேங்காய்க்கு மாற்றுத் தேங்காய் கொடுக்கிறார். அவர் உங்களைவிடச் சின்னக் கடைக்காரர்" என்றார் தமக்கையார்.

கடைக்காரர் தொனியை மாற்றிக்கொண்டார். "நீங்கள் தொழிலுக்காக வாங்கியிருக்கிறீர்கள். நுகர்வோர் சட்டமெல்லாம் உங்களுக்குச் செல்லாது" என்று சட்டம் பேசினார்.

தமக்கையார் வாக்குவாதத்தில் இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு கடிதம் எழுதினார். சாமான் வாங்கிய நாளில், பில் வேண்டாமென்றால் நூறு ரூபாய் குறைப்பதாகக் கடைக்காரர் சொல்லியும், பில்லையே கேட்டு வாங்கி வந்திருந்தார். அந்தப் பில்லின் நகலையும், சீட்டு, துவாரம், கீறல் ஆகியவற்றின் படங்களையும், வெளிறிய பக்கங்களையும் கடிதத்தோடு இணைத்தார். கடிதத்தின் சாராம்சம் இது: 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சுயதொழில் செய்து பிழைப்பதற்கென்றே ஒரு பொருளை வாங்குகிறவரும் நுகர்வோரே. பதினைந்து நாளில் பணம் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யப்படும். கொடுத்த விலை ஐந்து லட்ச ரூபாய்க்கு மேற்படாத வழக்குகளுக்கு அங்கே கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் வாதாட வேண்டும் என்பதும் இல்லை. மனுச் செய்ய இரண்டு வருஷ அவகாசம் உண்டு. இதற்கிடையில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவித் தொலைபேசி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்துவைத்தார்.

பன்னிரண்டாம் நாள் கடையிலிருந்து ஆள் வந்து பணத்தைக் கொடுத்தான். "மொத்த வியாபாரியிடம் நாங்களும் ஏமாந்துதான் போனோம்" என்று கடைக்காரர் சொல்லியனுப்பியிருந்தார். இருக்கலாம். மைக்கூட்டையும் பெட்டியையும் வாங்கிவரும்படியும் சொல்லியிருந்தார். தமக்கையார் பெட்டியை நாலாகக் கிழித்து, மைக்கூட்டின் சீட்டைக் கத்தரியால் கீறிய பிறகே இரண்டையும் ஒப்படைத்தார்.

பழைய கூட்டில் மை நிரப்புவதே குற்றம் என்று நாம் கருதுவதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. தெருவில் வரும் ஈயம் பூசுகிறவர் நமது பழைய பித்தளைப் பாத்திரத்தை வாங்கி, நம் கண்ணெதிரே ஈயம் பூசி, அதற்குரிய கூலியைப் பெற்றுக்கொள்கிறார். அதைப் புதுப் பாத்திரம் என்று சொல்லிப் பாத்திரக்கடை விலை கேட்பதில்லை. அதுபோலவே, "இது பழைய கூடு, மை நிரப்பித் தருகிறேன், இரண்டு மூன்று தடவை உழைக்கும்" என்று சொல்லிச் செய்கிறவர் கண்ணியமான தொழிலாளி. வீணாகக் குப்பைக்குப் போகும் பொருளை மீட்டுத் தருகிறவர் என்ற முறையில் நம் நன்றிக்கும் உரியவர்.

யந்திரத்தை மலிவாகக் கொடுத்து, மையை யானை விலைக்கு விற்கும் கம்பெனிகளுக்கு அவரைக் கண்டால் ஆகாது. அமெரிக்காவில் லெக்ஸ்மார்க் என்னும் கம்பெனி, தான் விற்ற கூடுகளில் மறுபடி மை நிரப்பி விற்றவர்கள்மேல் காப்புரிமை வழக்குத் தொடுத்தது. 2017-ஆம் வருஷம் மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஒரு பொருளை விற்றுவிட்ட பிறகு அதன்மேல் காப்புரிமை கொண்டாட முடியாது என்று தீர்ப்பளித்தது. நியாயமான தீர்ப்பு என்பதே நமது அபிப்பிராயம். காசு கொடுத்து வாங்கிய கூடு வாங்கியவருடையது. ஆனால் நிரப்புவது வேறு. நிரப்பியதைப் புதிது என்று விற்பது வேறு. முன்னது தொழில், பின்னது திருட்டு. மையின் விலை ஏற ஏற, பின்னதில் கிடைக்கும் லாபமும் ஏறுகிறது என்பதைக் கம்பெனிகளும் உணர்ந்தால் நல்லது.

இந்தத் திருட்டுக்கு மை எங்கும் கிடைக்கும், கிடைத்தற்கரியது பெட்டிதான். கம்பெனியின் பெயரும் முத்திரையும் பொலிகிற அசல் பெட்டி, பழைய காகிதக்காரரின் மூட்டையில் நம் வீடுகளிலிருந்தே வெளியேறுகிறது. காலிக் கூடும் அதன் பின்னாலேயே செல்கிறது. இரண்டும் ஓரிடத்தில் மறுபடி சந்தித்தால், அடுத்த தெருவில் ஒருவருக்குப் புதிய மைக்கூடு தயாராகிவிடும். ஆகவே நேயர்களுக்கு நமது வேண்டுகோள் இவ்வளவே. வாங்கும்போது பில்லைக் கேளுங்கள். பெட்டியைப் பிரித்ததும் சீட்டையும் செப்புத் தகட்டையும் ஒரு முறை உற்று நோக்குங்கள். மோசம் என்று கண்டால், "ஆயிரம் ரூபாய்தானே, போகட்டும்" என்று விட்டுவிடாதீர்கள். அந்த ஆயிரம் ரூபாய் யாரோ ஒருவருக்கு விதைநெல். நமது நாட்டு மின்கழிவு விதிகள் பிரிண்டரோடு கார்ட்ரிட்ஜையும் மின்கழிவாகவே கொள்கின்றன. ஆதலால் காலியானதை மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். பெட்டியை மட்டும் முழுசாக வெளியே விடாதீர்கள், கிழித்துப் போடுங்கள். ஒரு நிமிஷ வேலைதான்.