தம்பியின் காவடிக்கு எத்தனை ஓம்?

பத்துமலையில் இருட்டில் வரும் காவடிகளைப் பார்த்திருப்பீர்கள். சிலவற்றில் பாதி விளக்கு எரியும், பாதி கண்மூடிக் கிடக்கும். பேட்டரியைத்தான் திட்டுவோம். சில காசு விலையுள்ள ரெசிஸ்டரை யாரும் நினைப்பதில்லை.

அம்மாவின் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததற்காகத் தம்பி இந்த ஆண்டு காவடி எடுக்கிறான். மயிலிறகுக்கு நடுவே 60 வெள்ளை எல்.இ.டி. "அக்கா, நீதான் ரேடியோவில இருக்கியே, ஒயர் வேலையைப் பார்த்துக் கொடு" என்றான். நான் படித்தது ஊடகவியல். மைக்கில் பேசுகிறவளுக்கு மைக்கின் வயிற்றில் இருப்பதும் தெரியும் என்று எங்கள் வீட்டில் நம்புகிறார்கள்!

வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்குச் சுமார் 3.2 வோல்ட் போதும். கொஞ்சம் கூடினாலும் மின்னோட்டம் கிடுகிடுவென ஏறி விளக்கு கருகிவிடும். அதை அடக்கி வைப்பதுதான் ரெசிஸ்டர். பேட்டரியின் வோல்ட்டில் விளக்குகளுக்கு உரியதைக் கழித்து, மிச்சத்தை ஆம்பியரால் வகுத்தால் ஓம் வந்துவிடும். 12 வோல்ட் பேட்டரியில் மூன்று விளக்கை வரிசையாகக் கோத்தால் 9.6 போக மிச்சம் 2.4. 20 மில்லி ஆம்பியருக்கு விடை 120 ஓம்.

பாசார் ரோட்டுக் கடையில் சீனப் பெரியவர் மலாயில் ஒரு கேள்விதான் கேட்டார்: "முழுசா சார்ஜ் ஆனால் எவ்வளவு?" மீட்டரை வைத்துப் பார்த்தோம். 13! மிச்சம் 3.4 ஆகிவிடுகிறது. 120 ஓமில் 28 மில்லி ஆம்பியர் ஓடும். வேண்டியது 170. அந்த அளவு அங்கே இல்லை, அடுத்த பெரிய அளவான 180 எடுத்தோம். பழுப்பு, சாம்பல், பழுப்புக் கோடு. பேட்டரி 12க்கு இறங்கினால் ஓட்டம் 13 மில்லி ஆம்பியர் ஆகும். வெளிச்சம் சற்றே மங்கும், அவ்வளவுதான். சூடு 0.07 வாட்கூட இல்லை, கால் வாட் ரெசிஸ்டர் தாராளம். உடம்பை ஒட்டிய சுமை என்பதால் இதை மட்டும் இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன்.

எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போதாதா என்றான் தம்பி. கூடாது. ஒரு வரிசை அறுந்தால் அதன் பங்கும் மற்றவற்றின் தலையில் விழும். 20 வரிசைக்கு 20 ரெசிஸ்டர், ஒவ்வொன்றாகப் பற்றவைத்தோம்.

சோதனைக்கு இரவு எட்டு மணிக்கு எரியவிட்டோம். விடியற்காலை ஐந்துக்கு நான் நிலையத்துக்குக் கிளம்பியபோது அம்மா ஹால் நாற்காலியில் விழித்திருந்தார்.

"மூணு தடவை எண்ணிட்டேன்மா," என்றார். "அறுபதும் இருக்கு."